மோனிக்கா என்னும் அன்னை

பல ஆண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் மேல்வகுப்பிலே நான் உலக சரித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். அன்றைய பாடம் உரோமப் பேரரசின் இறுதிக் காலம். அரசர் பெயர்களும் போர் நிகழ்ந்த ஆண்டுகளும் மாணவர் முகத்திலே சோர்வை வரவழைத்தன. அக்காலத்து வாழ்க்கையை ஒரு குடும்பத்தின் கதை மூலம் விளக்கலாமென எண்ணி, அகுஸ்தீனாரையும் அவர்தம் அன்னையாராகிய மோனிக்கா அம்மையாரையும் பற்றிச் சொன்னேன். வழிதவறிய மகனை விடாது பின்தொடர்ந்து, கண்ணீராலும் செபத்தாலும் மீட்டெடுத்த தாய் என்று பலரும் சொல்லும் முறையிலேயே நானும் சொன்னேன். வகுப்பு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கதை முடிந்ததும் பின்வாங்கில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். அகுஸ்தீனாருக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்த பெண்ணுக்குப் பின்னர் என்ன நடந்தது, அந்தப் பிள்ளையை யார் வளர்த்தார்கள் என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அவ்வேளை மணியடித்தது, நான் தப்பினேன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அன்றிரவே அகுஸ்தீனாரின் நூலை மீண்டும் எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். அதன் பின் பலமுறை படித்துவிட்டேன். முன்னர் சிலைபோலத் தோன்றிய மோனிக்கா அம்மையார், இப்பொழுது நம்மூர்த் தாய்மாரைப் போலவே உயிரும் உணர்ச்சியும், ஆசையும் தவறும் உடையவராக எனக்குத் தோன்றுகிறார். அவரை அவ்வாறே வாசகருக்கு அறிமுகஞ் செய்ய விரும்புகிறேன்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். மோனிக்கா அம்மையார் தம் கைப்பட எழுதிய ஓர் ஏடும் நமக்குக் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி நாம் அறிவனவற்றில் மிகப் பெரும்பகுதி மகன் எழுதியவை. அம்மையார் இறந்து ஏறக்குறையப் பத்து ஆண்டுகளின் பின், கி.பி. 397-ஆம் ஆண்டளவில், ஆயராக இருந்த அகுஸ்தீனார் தம் வாழ்வைக் கடவுளின் முன் திறந்துவைக்கும் நூலொன்றை எழுதத் தொடங்கினார். ஒப்புதல் வாக்குமூலம் என நாம் தமிழிற் சொல்லத்தக்க அந்நூல் பதின்மூன்று பிரிவுகளை உடையது. ஒன்பதாம் பிரிவிலே தாயின் வாழ்வும் சாவும் கூறப்படுகின்றன. ஆகவே நாம் காணும் மோனிக்கா மகனுடைய கண்களால் காணப்பட்ட மோனிக்காவே. ஆயினும் அந்தக் கண்கள் குறைகளை மறைக்கும் கண்கள் அல்ல.

பிறந்த ஊரும் வளர்ந்த விதமும்

வட ஆபிரிக்காவிலே, இன்று அல்ஜீரியா எனப்படும் நாட்டிலே, தகாஸ்தே என்னும் சிற்றூர் இருந்தது. இப்பொழுது அதனைச் சூக் அஹ்ராஸ் என வழங்குவர். கி.பி. 331 அல்லது 332-ஆம் ஆண்டில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் மோனிக்கா பிறந்தார். அவரது பெயர் அந்நாட்டுப் பழங்குடியினராகிய பெர்பர் மக்களின் வழக்கிலிருந்து வந்ததென அறிஞர் கருதுவர்.

அவரை நெறிப்படுத்தி வளர்த்தவள் தாயினும் மேலாக ஒரு கிழப் பணிப்பெண். மோனிக்காவின் தந்தையைக் குழந்தைப் பருவத்தில் முதுகிலே சுமந்து திரிந்தவள் அவள். அதனால் வீட்டிலே அவளுக்குப் பெருமதிப்பு இருந்தது. உணவு வேளை தவிர்ந்த நேரத்தில் பெண்பிள்ளைகள் தண்ணீர்கூடக் குடிக்கலாகாது என்பது அவள் விதித்த கட்டளை. இன்று தண்ணீருக்குப் பழகிய வாய், நாளை மணமாகிக் களஞ்சியச் சாவி கைக்கு வந்ததும் மதுவுக்குப் பழகும் என்பது அவள் காட்டிய காரணம்.

அவ்வளவு காவலிருந்தும் மோனிக்கா தவறினார். மதுச்சாடியிலிருந்து மது மொண்டு வரும்படி பெற்றோர் அனுப்பும்போது, விளையாட்டாக உதட்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தார். நாளுக்கு நாள் துளி பெருகிக் கிண்ணமாயிற்று. ஒருநாள் உடன் சென்ற இளம் பணிப்பெண் சண்டையிலே குடிகாரி என்று ஏசிவிட்டாள். அந்தச் சொல் சுட்டது. அன்றோடு மோனிக்கா அப்பழக்கத்தை விட்டார். காவல் செய்யாததை வெட்கம் செய்தது. அன்பினாற் சொன்ன புத்தியன்றிக் கோபத்தில் வந்த வசையே மருந்தாயிற்று என்பதை அகுஸ்தீனார் வியந்து கூறுகிறார். ஆசிரியராகிய நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி இது.

இல்லறம்

பருவம் வந்ததும் பத்திரீசியர் என்பவருக்கு மோனிக்காவை மணஞ்செய்து கொடுத்தனர். அவர் கிறிஸ்தவர் அல்லர், நகரசபை உறுப்பினர், சிறிதளவு நிலமுடையவர், நல்ல மனமும் கடுஞ்சினமும் ஒருங்கே உடையவர். மனைவிக்கு உண்மையாக நடந்தவரும் அல்லர். கணவர் சினந்திருக்கும் வேளையில் மோனிக்கா சொல்லாலும் செயலாலும் எதிர்க்கமாட்டார். சினம் தணிந்தபின் தமது செய்கைக்கு உரிய காரணத்தை எடுத்துச் சொல்வார். அவ்வூரிலே கணவரிடம் அடிபட்ட தழும்போடு பெண்கள் வந்து முறையிடுவர். சாந்தமான கணவரை உடையவர்களே அடிபடும்போது, பத்திரீசியர் வீட்டிலே அது நிகழாதது எவ்வாறென்று வியப்பர். நாவை அடக்கும்படி மோனிக்கா அவர்களுக்குப் புத்தி சொல்வார்.

இந்த அறிவுரை இக்காலத்துக்கு ஏற்றதென்று நான் சொல்லமாட்டேன். அடிக்கும் கையைக் குற்றஞ் சொல்லாது அடிபட்டவளின் நாவைக் குற்றஞ் சொல்வது நீதியாகாது. சட்டமும் வழக்கமும் மனைவியைக் கணவனின் உடைமைபோல வைத்திருந்த உலகிலே, தமக்குக் கிடைத்த ஒரே கருவியாகிய பொறுமையை அம்மையார் கையாண்டார் என்று கொள்வதே பொருந்தும்.

மாமியாரும் தொடக்கத்திலே பணிப்பெண்களின் கோள்மொழியால் மருமகளை வெறுத்தார். மோனிக்கா பணிவாலும் பொறுமையாலும் அவர் மனத்தை வென்றார்; ஈற்றில் மாமியாரே கோள் சொன்னவர்களைத் தண்டிக்கும்படி மகனிடம் கேட்டுக்கொண்டார். இருவர் பகைத்திருக்கும்போது இரு பக்கத்தாரும் மோனிக்காவிடம் வந்து மனக்கசப்பைக் கொட்டுவர். சமாதானத்துக்கு உதவும் சொல்லைத் தவிர வேறொன்றையும் அவர் மறுபக்கத்திற்குக் கொண்டுசெல்வதில்லை. சிறிய நற்குணம்போலத் தோன்றும் இதனை, ஊர்ப்பேச்சின் தீமையைக் கண்டறிந்தவர் சிறிதென்று எண்ணார். பத்திரீசியர் தம் வாழ்வின் இறுதியில் ஞானஸ்நானம் பெற்றார். மகனுக்குப் பதினேழு வயதளவில் காலமானார்.

மகனுக்காக

அவர்களுக்குப் பிள்ளைகள் மூவர் என்பது தெரிகிறது: அகுஸ்தீன், நவீகியுஸ், பெயர் அறியப்படாத ஒரு மகள். அகுஸ்தீன் 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆந் திகதி பிறந்தான். கூர்மையான அறிவுடைய பிள்ளை. பெற்றோர் தம் வசதிக்கு மேலே செலவு செய்து மதவுரா நகரிலும், பின்னர் செல்வரான ரொமானியானுஸ் என்பவரின் உதவியுடன் கார்த்தேஜ் மாநகரிலும் படிப்பித்தனர். கணவரை இழந்தபின் படிப்புச் செலவைத் தாங்கியவர் தாயே. காணியைச் சுருக்கிப் பிள்ளையைப் பட்டணத்துக் கல்லூரிக்கு அனுப்பும் குடும்பங்களை அறிந்த நமக்கு இது புதிய காட்சி அன்று.

இங்கே அம்மையாரின் முதற் தவறைக் குறிப்பிடவேண்டும்; அதனைக் குறிப்பிடுபவர் மகனே. பதினாறு வயதிலே அகுஸ்தீன் கட்டுக்கடங்காது திரிந்தபோது, பிறன்மனை நாடாதே என்று தாய் தனியே அழைத்து எச்சரித்தார். ஆயினும் திருமணம் செய்துவைத்து அவனை நெறிப்படுத்த அவர் முயலவில்லை. மனைவி ஒரு தளையாகிக் கல்வியாலே வரவேண்டிய உயர்வு கெட்டுவிடும் என்று அஞ்சினார். மகன் புண்ணியவானாக வேண்டும் என்று விரும்பிய அதே நெஞ்சு, அவன் பெரிய உத்தியோகத்தனாக வேண்டும் என்றும் விரும்பியது.

கார்த்தேஜ் நகரிலே அகுஸ்தீனார் ஒரு பெண்ணோடு மணமின்றி வாழ்ந்தார். 372-ஆம் ஆண்டளவில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான். இறைவன் தந்தவன் என்னும் பொருள்பட அதேயோதாத்துஸ் எனப் பெயரிட்டனர். அக்காலத்திலேயே அகுஸ்தீனார் மனிக்கேய மதத்திற் சேர்ந்தார். ஒளி, இருள் என்னும் இரு ஆதித் தத்துவங்களின் போரே உலகம் என்று போதித்த மதம் அது.

மகன் நெறி தவறியதிலும் நம்பிக்கை தவறியதே தாய்க்குப் பெருந்துயராயிற்று. ஒரே வீட்டிலே வாழவும் ஒரே மேசையிலே உண்ணவும் மறுத்தார். அப்பொழுது அவர் ஒரு கனவு கண்டார். மரத்தாலான அளவுகோல் ஒன்றின்மேல் தாம் நின்று அழுவதாகவும், ஒளிபொருந்திய இளைஞன் ஒருவன் வந்து காரணம் வினவி, அவர் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்பதைப் பார்க்கும்படி சொன்னதாகவும், திரும்பிப் பார்க்கையில் மகன் அருகே நின்றதாகவும் கண்டார். தாய் தம் மதத்துக்கு வருவார் என்பதே கனவின் பொருள் என்று மகன் திருப்பிச் சொன்னார். மகன் இருக்குமிடத்தில் தாம் இருப்பதாகக் கனவு கூறவில்லை, தாம் இருக்குமிடத்தில் மகன் இருப்பான் என்றே கூறியது என்று அம்மையார் தயங்காது விடையளித்தார். கனவைவிடத் தாயின் விடையே தம் மனத்தை அசைத்ததென அகுஸ்தீனார் எழுதுகிறார். இதன்பின் மகனை வீட்டிற் சேர்த்துக்கொண்டார்.

ஆயர் ஒருவரிடம் சென்று மகனோடு வாதாடித் திருத்தும்படி வேண்டினார். இளமையிலே அம்மதத்தில் இருந்து மீண்ட அவர், அவன் இன்னும் கற்கும் நிலையில் இல்லை, படித்துத் தானே தெளிவான் என்றார். அம்மையார் விடாது அழுது கேட்கவே, ஆயர் சற்றுச் சலிப்புற்று, இவ்வளவு கண்ணீருக்குரிய பிள்ளை அழிந்துபோவதற்கில்லை என்னும் கருத்துப்படச் சொல்லி அனுப்பினார். அந்தச் சொல்லை வானத்திலிருந்து வந்த வாக்காகத் தாய் ஏற்றுக்கொண்டார்.

383-ஆம் ஆண்டில் அகுஸ்தீனார் உரோமாபுரிக்குச் செல்லத் துணிந்தார். தாய் கடற்கரைவரை வந்து பிடித்துக்கொண்டு, போகவேண்டாம் என்றோ தம்மையும் அழைத்துச் செல்லும்படியோ மன்றாடினார். நண்பன் ஒருவனை வழியனுப்ப வந்ததாகப் பொய்சொல்லி, அருகிலிருந்த சிப்பிரியான் ஆலயத்திலே அவரை இராத்தங்கச் செய்துவிட்டு, அவ்விரவே மகன் கப்பலேறினார். விடிந்தபோது கரையிலே தாய் மட்டும் நின்றார். கடலிலே பாயும் தெரியவில்லை.

மிலான் நகரிலே

அம்மையார் வீடு திரும்பி அடங்கியிருக்கவில்லை. மகன் மிலான் நகரிலே அரசாங்க நியமனம் பெற்ற சொற்கலைப் பேராசிரியராக இருக்கும் செய்தி அறிந்து, 385-ஆம் ஆண்டில் கடல்கடந்து சென்றார். புயலிலே மாலுமிகள் கலங்க, வழக்கத்துக்கு மாறாகப் பயணியாகிய அவர் மாலுமிகளுக்குத் தைரியம் சொன்னார்.

மிலானில் அம்புரோசியார் ஆயராக இருந்தார். ஆபிரிக்க வழக்கப்படி வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் மதுவும் கொண்டுசென்ற மோனிக்காவை வாயிற்காவலன் தடுத்தான். ஆயரின் கட்டளை என்று கேட்டவுடனே, பிறந்தநாள் தொட்டுக் கண்ட வழக்கத்தை முணுமுணுப்பின்றி விட்டார். ஏழைகளுக்குக் கொடுத்து, வெறுங்கையோடு கல்லறைக்குச் சென்றார். 386-ஆம் ஆண்டில் இளம் பேரரசனின் தாய் யுஸ்தீனா ஆரியக் கொள்கையினருக்காக ஆலயத்தைக் கைப்பற்ற முயன்றபோது, ஆயரோடு இரவு பகலாகக் காவலிருந்த மக்களுள் முன்னணியில் நின்றவர் மோனிக்கா.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருகிறேன். அகுஸ்தீனாருக்கு உயர்குலத்திலே பெண்பேசும் முயற்சி தொடங்கியது. அம்முயற்சியிலே முதன்மையாக நின்றவர் தாயே. மணமானால் மகன் ஞானஸ்நானத்துக்கும் அணியமாவான் என்பது அவரது நம்பிக்கை. நிச்சயிக்கப்பட்ட சிறுமிக்குச் சட்டப்படி மணவயது வர இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. அக்காலச் சட்டம் குறித்த வயதோ பன்னிரண்டுதான். இம்மணத்துக்குத் தடையென்று, பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அகுஸ்தீனாரோடு வாழ்ந்த பெண்ணை ஆபிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பினர். வேறு ஆடவனை அறிவதில்லை என்று நேர்ந்துகொண்டு அவள் போனாள். பிள்ளையைத் தந்தையிடம் விட்டுப் போனாள். அவள் பெயரை அகுஸ்தீனார் எழுதவில்லை. அவளைப் பிரிந்ததனாலே தம் நெஞ்சு பிளந்து குருதி வடிந்ததென எழுதியவர், காத்திருக்கும் இரண்டாண்டைப் பொறாது வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டதையும் மறையாது எழுதினார்.

இம்மணத்தைப் பற்றி இறைவனிடம் ஒரு காட்சி வேண்டி மோனிக்கா மன்றாடினார் என்றும், முன்னர்க் கண்ட கனவைப் போன்ற தெளிவு இம்முறை கிடைக்கவில்லை என்றும் நூல் சொல்கிறது. தெளிவு கிடைக்காமலே முயற்சி தொடர்ந்தது. கடற்கரையிலே தம்மைத் தனியே விட்டுச் சென்ற மகனுக்காக அழுத தாய், இன்னொரு தாய் தன் மகனைவிட்டுக் கப்பலேறுவதற்குக் காரணமானார். அக்காலத்துச் சமூகத் தரவேறுபாட்டைச் சொல்லி இதனை விளக்கலாம். மூடி மறைத்தல் ஆகாது. அந்தத் திருமணமும் ஈற்றில் நடைபெறவில்லை.

பேரனும் பாட்டியாரும்

தாயைப் பிரிந்த பிள்ளைக்கு அப்பொழுது பதின்மூன்று வயதளவு. அவ்வீட்டிலே அவனுக்கு எஞ்சிய பெண் துணை பாட்டியாரே. 386-ஆம் ஆண்டு கோடையின் இறுதியில், தோட்டமொன்றிலே அகுஸ்தீனாரின் நெடுநாட் போராட்டம் முடிவுற்றது. முதலில் உள்ளே சென்று செய்தி சொன்னது தாய்க்கு. பின்னர் பதவியைத் துறந்து, நண்பர் ஒருவர் கொடுத்த நாட்டுப்புற வீட்டிலே, கசிசியாக்கும் என்னுமிடத்தில், குடும்பத்தோடும் மாணவரோடும் தங்கினார். அங்கே எல்லாருக்கும் தாய்போல நின்று வீட்டை நடத்தியவர் மோனிக்கா. புதிதாகக் கற்ற சங்கீதத்தை மலகூடத்திலிருந்து உரத்துப் பாடிய லிசென்சியுஸ் என்ற மாணவனைக் கடிந்துகொண்டதும் அங்கேதான்.

அவ்வாண்டு நவம்பரிலே அகுஸ்தீனாரின் பிறந்தநாளன்று தொடங்கி மூன்று நாட்கள், இன்பவாழ்வு யாது என்பது பற்றி அவர்கள் உரையாடினர். அது நூலாக உள்ளது. பள்ளிப் படிப்பில்லாத மோனிக்காவும் அவ்வுரையாடலிலே பங்குகொண்டார். விரும்பியதைப் பெற்றவன் இன்பமுடையவனா என்ற வினாவுக்கு, நல்லதை விரும்பிப் பெற்றாலே இன்பம், தீயதை விரும்பினால் பெற்றாலும் துன்பமே என்று அவர் விடை சொல்ல, சிசரோவின் நூலிலே தாம் கற்றதைத் தாய் தாமாகவே எட்டிவிட்டார் என மகன் மகிழ்ந்தார். இறைவனை உடையவன் யார் என்ற வினாவுக்குப் பலரும் விடை கூறினர். அசுத்த ஆவி இல்லாதவனே என்றான் எல்லாரிலும் இளையவனாகிய அதேயோதாத்துஸ். எல்லா விடைகளையும் ஏற்ற பாட்டியார், அந்த விடையையே எல்லாவற்றிலும் மேலாக ஏற்றுக்கொண்டார். இந்த ஒரு வரிச் செய்தியிலே பேரனைப் பார்த்துக் கனிந்த கிழவியின் முகம் எனக்குத் தெரிகிறது.

ஒஸ்தியாவில் இறுதி நாட்கள்

387-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழா இரவில் அகுஸ்தீனாரும் அதேயோதாத்துஸும் நண்பர் அலிப்பியுஸும் அம்புரோசியார் கையால் ஞானஸ்நானம் பெற்றனர். பின்னர் ஆபிரிக்கா திரும்பும் எண்ணத்துடன் உரோமாபுரியின் துறைமுகமாகிய ஒஸ்தியாவில் தங்கினர். அங்கே ஒருநாள் தாயும் மகனும் தோட்டத்தைப் பார்த்த சாளரத்திலே சாய்ந்து நின்று நித்திய வாழ்வைப் பற்றிப் பேசினர். பேச்சு உடற்பொருள்களையும் விண்மீன்களையும் தம் உள்ளங்களையுங் கடந்து உயர்ந்து, ஒரு கணம் அப்பாலுள்ளதைத் தொட்டு மீண்டது என்பர் அகுஸ்தீனார். இவ்வுலகில் தமக்கு இனி ஆவலொன்றும் இல்லை, மகனைக் கிறிஸ்தவனாகக் காணவே இதுவரை இருந்ததாக அம்மையார் சொன்னார்.

ஐந்து நாட்களளவில் காய்ச்சல் கண்டது. கணவர் பக்கத்திலே தமக்கும் கல்லறை ஆயத்தம் செய்து வைத்திருந்தவர் அவர். சொந்த நாட்டில் இறப்பதே நன்று என்று நவீகியுஸ் சொன்னபோது, கண்ணாலே அவரைக் கடிந்துகொண்டு, உடலை எங்கும் அடக்கலாம், எங்கிருப்பினும் பலிபீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்றார். நோயின் ஒன்பதாம் நாள், ஐம்பத்தாறாம் வயதிலே உயிர் பிரிந்தது. அகுஸ்தீனார் கண்களை மூடினார். பிள்ளை அதேயோதாத்துஸ் கதறி அழுதான். பெரியோர் அவனை அடக்கினர். எவோதியுஸ் சங்கீதம் பாடத் தொடங்கினார். அறிவுடையார் அழலாகாதென்று அகுஸ்தீனார் அடக்கத்தின்போதும் அழவில்லை. குளித்துப் பார்த்தார், துயர் கழியவில்லை. உறங்கி விழித்துத் தனியே கிடக்கையில், அம்புரோசியாரின் பாடல் ஒன்று நினைவுக்கு வர, அப்பொழுதே கண்ணீரை விடுத்தார். தனக்காகப் பல்லாண்டு அழுத தாய்க்குச் சிறிது நேரம் அழுததைக் குற்றமென்று எவரும் நகையாதிருக்க வேண்டினார்.

பேரனும் நெடுநாள் வாழவில்லை. ஆபிரிக்கா திரும்பியபின் தந்தையும் மகனும் உரையாடுவதாக ஆசிரியர் என்னும் நூல் எழுந்தது. சொற்களால் எதையும் கற்பிக்க இயலுமா என்பதே அதன் வினா. அதிலே மகன் கூறும் கருத்துக்கள் யாவும் பதினாறு வயதிலே அவன் தானாகச் சொன்னவை என்று தந்தை சான்று பகர்கிறார். அதன்பின் சிறிது காலத்திலே அவ்விளைஞன் இறந்தான்.

அம்மையாரின் திருவுடல் 1430-இல் ஒஸ்தியாவிலிருந்து உரோமாபுரிக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று அகுஸ்தீனார் பெயரால் விளங்கும் ஆலயத்தில் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டில் ஒஸ்தியாவில் விளையாட்டுக்காகக் குழி தோண்டிய சிறுவர் சலவைக்கல் துண்டொன்றைக் கண்டெடுத்தனர். அது அம்மையாரின் பழைய கல்லறைக் கவிதையின் ஒரு பகுதி. அவர் திருநாள் இப்பொழுது ஆகஸ்ட் 27; மறுநாள் மகனின் திருநாள்.

அந்த மாணவிக்கு நான் அடுத்த வாரம் விடை சொன்னேன். பிள்ளையைப் பாட்டியாரும் தந்தையும் வளர்த்தனர். பெற்றவள் பெயரின்றிக் கடல்கடந்து போனாள். அதிலே மோனிக்கா அம்மையாருக்கும் பங்குண்டு என்றேன். அப்படியானால் அவர் நல்ல தாயா என்று அவள் கேட்கவில்லை. சற்று யோசித்துவிட்டு உட்கார்ந்தாள். கேட்டிருந்தால், நல்ல தாய்தான், ஆனால் எல்லாருக்கும் அல்ல என்று சொல்லியிருப்பேன். தன் பிள்ளைக்காக உருகும் அன்பு பிறர் பிள்ளையிடத்தும் பிறர் தாயிடத்தும் கண் திறக்குமளவுக்கு வளர்வது அரிது. மோனிக்கா அம்மையாரின் வாழ்விலே அந்த அன்பின் உயரமும் எல்லையும் இரண்டும் தெரிகின்றன. அன்று கேள்வி கேட்ட மாணவியும் இன்று ஒரு பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து நடப்பவளாக இருக்கக்கூடும். அந்தப் பெயரற்ற பெண்ணை அவளும் மறந்திருக்கமாட்டாள் என்றே நம்புகிறேன்.